நீர்த் தேவதையைச் சமைத்த எம்மா ஸ்டெப்பின்ஸ் அம்மையார்

அமெரிக்க தேசத்து நியூயார்க் மாநகரின் நடுவே சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூஞ்சோலை ஒன்று உளது. அதன் ஏரிக்கரையில் 26 அடி உயரமுள்ள பெதஸ்தா நீரூற்றின் உச்சியில், சிறகு விரித்து, இடக்கையில் லீலி மலர் தாங்கி, வலக்கையால் நீரை ஆசீர்வதித்து நிற்கும் வெண்கலத் தேவதையைக் கண்டு களித்த யாத்திரிகர் பல்லாயிரவர். அதனைச் சமைத்தவர் ஒரு மாது என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். அவ்வம்மையாரின் சரிதத்தை நம் சங்கத்துக் குடும்பத்தினர், விசேஷமாக நம் சகோதரிகள், அறியுமாறு ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

எம்மா 1815-ம் வருஷம் நியூயார்க் நகரில் வசதியுள்ள குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் சித்திரம் தீட்டுவதிலேயே ஈடுபட்டிருந்தார். சிற்பத்தின் பொருட்டு ரோமாபுரிக்குக் கப்பலேறியது நாற்பதாம் பிராயத்தைக் கடந்த பின்னரேயாம். பெண்மக்கள் உளி பிடித்தலை உலகம் ஏளனம் செய்த காலம் அது. அங்கே ஹாரியட் ஹாஸ்மர் என்னும் பெண் சிற்பியின் கூட்டுறவும், புகழ்பெற்ற நாடக நடிகையாகிய சார்லட் குஷ்மனின் நட்பும் அவருக்கு வாய்த்தன. குஷ்மனும் எம்மாவும் அதுமுதல் வாழ்க்கைத் துணைவராய் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். களிமண்ணில் உருச் செய்துவிட்டுக் கல்வேலையைக் கூலிச் சிற்பிகளிடம் விடுவது அந்நாளைய வழக்கம். எம்மாவோ தாமே சலவைக்கல்லைச் செதுக்கினார். அத்தூசியே பிற்காலத்தில் அவர் மார்பைக் கெடுத்ததென்பர்.

இனி நீரூற்றின் வரலாறு. முற்காலத்தில் நியூயார்க் நகரத்தார்க்கு நல்ல தண்ணீர் அருமையாயிருந்தது. 1832-ல் வாந்திபேதியால் 3,000 பேருக்கு மேல் மாண்டனர். 1835-ல் நகரின் ஒரு பெரும் பகுதி தீக்கிரையாயிற்று. பின்னர்க் குரோட்டன் ஆற்றினின்று ஏறக்குறைய 40 மைல் தூரம் கால்வாய் கட்டி, 1842-ல் தூய நீர் கொணர்ந்தனர். அந்நன்மையைக் குறிக்கும்பொருட்டு எம்மா தேர்ந்தது, ஜெருசலேமில் தேவதூதன் கலக்கிய குளத்தில் முதலில் இறங்கியவர் பிணி நீங்கினர் என்னும் விவிலியக் கதையாகும். தேவதையின் கீழ் நிற்கும் நான்கு குழந்தை உருவங்கள் மிதமான ஒழுக்கம், தூய்மை, ஆரோக்கியம், சமாதானம் என்பவற்றைக் குறிப்பன.

இவ்வேலை அவருக்கு அளிக்கப்பெற்றது 1863-ல். ஒரு மாதுக்கு இத்துணைப் பெரிய பொதுச் சிற்பப் பணியை அந்நகரம் ஒப்புவித்தது அதுவே முதன்முறை. ஆனால் பூங்காக் கமிஷனர் சபையின் தலைவராய் விளங்கியவர் எம்மாவின் தமையனார் ஹென்றி ஸ்டெப்பின்ஸ்! தமையன் தங்கைக்குச் சலுகை காட்டினார் என்னும் பழி எழாதிருக்குமோ? நம் ஊர்ச் சத்திரக் கமிட்டிகளிலும் இத்தகைய முணுமுணுப்பை நாம் கேட்டதுண்டு. அப்பழி முற்றும் பொய்யென வாதிக்க நாம் முன்வரோம். தமையனார் அப்பதவியில் இராவிடின் அவ்வேலை ஒரு பெண்ணின் கைக்கு எட்டியிருத்தல் அரிது. ஆயினும், பிறர் பெண் என்ற காரணத்தால் அடைத்த கதவைத் தமையன் திறந்துவிட்டார் என்பதும் அதே உண்மையின் மறுபுறமன்றோ?

ரோமாபுரியில் எம்மா செய்த மாதிரி உருவம் ஜெர்மானிய தேசத்து மூனிச் நகரில் வெண்கலமாக வார்க்கப்பெற்றது. அதற்கிடையே, 1869-ல், குஷ்மன் அம்மையாருக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. எம்மா உளியைக் கீழே வைத்துவிட்டு நோயாளியின் பணிவிடையில் அமர்ந்தார். பிணி தீர்க்கும் தேவதையைச் செய்தளித்த கைகள் தீராப் பிணியொன்றைக் காத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 1873-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி, நீரூற்றின் திறப்பு விழா நடைபெற்றது. பத்திரிகையொன்று சிலையைப் பரிகசித்து எழுதிற்று. குஷ்மன் 1876-ல் காலஞ்சென்றார். எம்மா 1878-ல் அவரது சரிதத்தை நூலாக வெளியிட்டார், சிற்பத்திற்கு மீளவில்லை. 1882-ல் தமது 67-ம் பிராயத்தில், மார்புநோயால், பிறந்த நகரிலேயே உயிர் நீத்தார்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பூங்கா பராமரிப்பின்றிச் சீரழிந்தது. நீரூற்றும் பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. 1981-ல் செப்பனிட்டு மீண்டும் நீர் விடப்பெற்றது.