டாக்டர் அம்பேத்கார் அவர்களும் மஹாத் குளமும்



சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையும், எடுத்து அனுபவிப்பார் இல்லாவிடில், ஏட்டுச் சுரைக்காயே யாகும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய பெரியார் டாக்டர் பீமராவ் அம்பேத்கார் அவர்கள்.

அன்னார் 1891-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி, மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் ராணுவ நகரில், மஹர் குலத்தில், சுபேதார் ராம்ஜி அவர்களுக்குப் பதினான்காவது மகவாய் ஜனித்தார். பள்ளியில் அவருக்குத் தனிக் கோணியே ஆசனம். தாகமெடுப்பினும் குழாயைத் தொடலாகாது. சேவகன் வந்து திறந்தாலன்றி நீர் இல்லை. இத்தகைய இளமையைக் கடந்து, நியூயார்க்கிலும் லண்டனிலும் கற்று, பாரிஸ்டராகி, 1923-இல் பம்பாய்க்குத் திரும்பினார்.

அவ்வருஷமே பம்பாய்ச் சட்டசபை, பொதுக்குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதாரும் உபயோகிக்கலாமெனத் தீர்மானித்தது. மஹாத் நகரசபையும் 1924-இல் சவதார் குளத்தை அவர்கட்குத் திறந்து விடுவதாகத் தீர்மானம் செய்தது. ஆயினும், அச்சத்தால் அதனருகே செல்வார் ஒருவருமிலர்.

1927-ஆம் வருஷம் மார்ச் மாதம் 20-ஆம் தேதி, அம்பேத்கார் அவர்கள் பெருங்கூட்டத்தை அணிவகுத்து அழைத்துச் சென்று, அக்குளத்து நீரைத் தம் கையால் அள்ளிப் பருகினார். யாவரும் பருகினர். நேரடி நடவடிக்கை என்பதன் பொருள் இதுவே: சட்டம் தந்த உரிமையை அஞ்சாது கையாளுதல். அன்றே எதிர்த்தரப்பினர் தடிகொண்டு தாக்கினர். பதிலுக்கு அடிக்கத் துடித்த தம்மவரை அவர் அடக்கினார். பின்னர் எதிரிகள் கோமயம் முதலியவற்றால் குளத்தைச் சுத்தி செய்தனர். நகரசபையும் தன் தீர்மானத்தை ரத்து செய்தது.

அவ்வருஷம் டிசம்பரில் மீண்டும் ஆயிரக்கணக்கானோர் சிறை செல்லவும் சித்தமாய்க் கூடினர். அதற்குள் எதிர்த்தரப்பினர், குளம் தனியார் சொத்தென வழக்கிட்டுத் தடையுத்தரவு பெற்றனர். மக்களோ பொங்கி நின்றனர். எனினும் அவர் நீதி ஸ்தலத்தை மீறவில்லை. சத்தியாக்கிரகத்தை ஒத்திவைத்து வழக்காடினார். 1937 மார்ச் 17-இல் பம்பாய் ஹைகோர்ட்டார் அவர் பக்ஷமே தீர்ப்பளித்தனர். ஒருநாள் அள்ளிய நீருக்குப் பத்தாண்டு வழக்கு!

பின்னாளில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். அச்சட்டத்தின் 15-ஆம் விதி, கிணறு, குளம், ஸ்நான கட்டங்களில் ஜாதி பற்றிய தடை கூடாதென்கிறது. 17-ஆம் விதி தீண்டாமையை ஒழிக்கின்றது. சட்டவழி திறந்திருக்கையில் சத்தியாக்கிரகம் முதலிய முறைகளை விடவேண்டுமென்று 1949 நவம்பரில் அவரே அரசியல் நிர்ணய சபையில் கூறினார். 1956 டிசம்பர் 6-ஆம் தேதி டில்லியில் காலமானார்.

சகோதரர்களே! நமக்குள்ள உரிமையை அச்சத்தால் கைவிடுதல் ஒரு குற்றம். பிறர்க்குள்ள உரிமையைத் தடியால் மறித்தல் அதனினும் பெருங்குற்றம். நம் ஊர்ப் பொதுக்கிணற்றருகே நிற்கும்போது, நாம் எப்பக்கம் நிற்கின்றோமென்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.