மாட்டெலும்பில் செதுக்கிய பல்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். போன பல்லின் இடத்தில் இன்னொரு பல்லை வைக்கலாம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி, அதற்கு வழியும் காட்டிய ஒரு வைத்தியர் இருந்தார். அவர்தான் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. சத்திரசிகிச்சையின் தந்தை என்ற பட்டத்தோடு அவருடைய பெயரை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வினாவிடைப் போட்டியில் அது ஒரு புள்ளி பெற்றுத் தரும் விடை. அதோடு அவரை மறந்து விடுகிறோம். உயிரியல் பிரிவில் படிக்கும் நான், பட்டத்துக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தேடினேன். பல்லைப் பற்றி அவர் எழுதிய சில பக்கங்களில்தான் அவரை அதிகம் கண்டேன்.

இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதி அன்று அந்தலூசியா. அதன் தலைநகர் குர்துபா. கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் குர்துபாவுக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற அரண்மனை நகரைக் கட்டினார். அந்த நகரின் பெயரே நம் வைத்தியரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் பிறந்தது கி.பி. 936 அளவில் என்பார்கள். அந்த நகரின் கட்டட வேலை தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். மதீனாவின் அன்ஸாரிகள் வழி வந்த குடும்பம் அவருடையது. கலீஃபா இரண்டாம் ஹகமின் அரண்மனை வைத்தியராக இருந்தார் என்று பல நூல்கள் கூறுகின்றன. புத்தகங்களின் மீது தீராத ஆசை கொண்டிருந்த கலீஃபா அவர். நூலகங்களும் பள்ளிவாசல்களும் நிறைந்த அந்தச் சூழலில்தான் அஸ்ஸஹ்ராவி வாழ்நாள் முழுவதும் வைத்தியம் செய்தார்.

அவருடைய சொந்த வாழ்க்கை பற்றிய குறிப்புகள் மிகக் குறைவு. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அந்தலூசிய அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த அல்ஹுமைதி, சில வரிகளில் அவரைக் குறிப்பிடுகிறார். மற்றபடி அவரை அறிய நமக்கு இருக்கும் பெரிய வாசல் அவருடைய புத்தகம் மட்டுமே.

அந்தப் புத்தகம் கிதாபுத் தஸ்ரீஃப். மொத்தம் 30 பாகங்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அனுபவத்துக்குப் பின், கி.பி. 1000 அளவில் அதை முடித்தார். நோய்கள், மருந்துகள், உணவுகள் என்று விரிந்து செல்லும் அந்நூலின் கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. சூடு வைத்தல், வெட்டுதல், எலும்பு பொருத்துதல் என்று அது மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கிட்டத்தட்ட 200 கருவிகளின் படங்கள் அதில் உண்டு. கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை வார்த்தையால் மட்டும் சொன்னால் கொல்லனுக்குப் புரியாது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். தம் மாணவர்களைப் பிள்ளைகளே என்று அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது போலவே எழுதினார்.

அன்று சத்திரசிகிச்சை மதிப்பான கலையாக இருக்கவில்லை. படித்த வைத்தியர்கள் கத்தியைத் தொடத் தயங்கினார்கள். தொட்டவர்களில் பலர் படிக்காதவர்கள். தம் நாட்டில் இந்தக் கலை அழிந்து போகும் நிலையில் இருக்கிறது என்று அவர் கவலைப்பட்டார். உடலின் அமைப்பை அறியாமல் கத்தி எடுப்பவன் உயிரைப் பறித்து விடுவான் என்பது அவருடைய உறுதியான கருத்து. ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கட்டியை அறியாமையுள்ள ஒருவர் வெட்டப் போய், இரத்தக் குழாய் அறுந்து அவள் இறந்து போனதைத் தாம் கண்டதாகப் பதிவு செய்திருக்கிறார். இப்படிப்பட்ட நிகழ்வுகளை மறைக்காமல் எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். அடுத்தவன் அதைச் செய்யக் கூடாது.

இனி பல்லுக்கு வருவோம். பல்லைப் பிடுங்குவது எப்படி என்ற அத்தியாயத்தை, பிடுங்காமல் இருப்பது எப்படி என்ற அறிவுரையுடனேயே அவர் தொடங்குகிறார். பல் உயர்ந்த பொருள். எல்லா மருந்தையும் செய்து பார்த்த பிறகே அதன் மேல் கொறடு வைக்க வேண்டும். நோயாளி காட்டுகிற பல்லை உடனே நம்பி விடவும் கூடாது. வலி மனிதனை ஏமாற்றும். நல்ல பல் வலிப்பதாக நினைத்து அதைப் பிடுங்கச் சொல்வார்கள். பிடுங்கிய பின்னும் வலி போகாது, கெட்ட பல் உள்ளேயே இருக்கும். இரத்தம் குத்தி எடுப்பவர்களின் கையில் இப்படி நடப்பதை அவர் பல தடவை பார்த்திருந்தார்.

பிடுங்கியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் பல்லைச் சுற்றியுள்ள முரசைப் பல்லிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல அசைத்துத் தளர்த்த வேண்டும். அதன் பின்பே பலமான கொறடு. பல் குழிந்து போயிருந்தால், கொறட்டின் அழுத்தத்தில் நொறுங்காதபடி குழிக்குள் துணியை இறுக்கமாக அடைக்க வேண்டும். பல்லை நேராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் வேர் உள்ளே முறிந்து நிற்கும், சில வேளை தாடை எலும்பின் துண்டும் சேர்ந்து வந்து விடும். பல்லில் படியும் கற்காரையைச் சுரண்டுவதற்கு மட்டும் 14 வகைக் கருவிகளை வரைந்து காட்டியிருக்கிறார். ஒரே நாளில் சுத்தமாகா விட்டால் அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் செய்யச் சொல்கிறார்.

பல் ஆடினால் என்ன செய்வது? தங்கக் கம்பியால் கட்டலாம் என்கிறார். வெள்ளியாலும் கட்டலாம், ஆனால் வெள்ளி சில நாட்களில் பச்சை பிடித்து அரித்துப் போகும், தங்கம் அப்படியே இருக்கும். இருபுறமும் உறுதியான பற்களைப் பிடிமானமாக வைத்து, இடையிலுள்ள ஆடும் பற்களைப் பின்னலாகக் கட்டி, நாக்கில் உரசாதபடி முடிச்சைப் பல்லிடுக்கில் மறைக்க வேண்டும். விழுந்த பல்லையே அதன் குழியில் திரும்ப வைத்து இப்படிக் கட்டுவதும் உண்டு. பல்லே இல்லாமற் போய்விட்டால் மாட்டெலும்பில் பல்லின் வடிவத்தைச் செதுக்கி, அந்த இடத்தில் வைத்து, பக்கத்துப் பற்களோடு கட்டி விடலாம். அது நீண்ட காலம் பயன்படும். இதையெல்லாம் மென்மையான, தேர்ந்த கை மட்டுமே செய்ய வேண்டும் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

பற்களைத் தங்கக் கம்பியால் கட்டிய முதல் மனிதர் அவரல்லர். பினீசியர்களின் பழைய கல்லறைகளிலேயே தந்தத்தால் செய்த பற்கள் தங்கக் கம்பியோடு கிடைத்திருக்கின்றன. அஸ்ஸஹ்ராவியின் சிறப்பு வேறு. கைத்தொழில் இரகசியமாக இருக்கக்கூடிய ஒன்றை, படித்த எவரும் செய்யும்படி படிப்படியாக எழுதி வைத்தார்.

ஆண்களுக்குத் தங்கம் ஆகாதே என்ற கேள்வி நம் மனதில் எழும். யுத்தமொன்றில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து அணிந்தார்கள். அது துர்வாடை வீசியதால், தங்கத்தில் செய்து கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இந்த ஹதீஸை ஆதாரமாக வைத்தே, தேவை ஏற்படும் போது பல்லைத் தங்கத்தால் கட்டுவதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்தார்கள். உடலில் ஒரு குறை ஏற்பட்டால் அதை ஈடு செய்வதை மார்க்கம் வீண் அலங்காரமாகப் பார்க்கவில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல என்பதை நான் என் உம்மும்மாவிடமிருந்து அறிந்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர் அவர். மேல்வரிசை முன்பற்கள் மூன்று போன பிறகு பிள்ளைகளை வேறிடத்துக்கு அனுப்பி விட்டார். தஜ்வீத் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். ஃபா என்ற எழுத்து மேற்பல்லின் நுனி கீழுதட்டில் படுவதால் பிறக்கிறது. நாக்கு நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொட்டுப் பிறக்கும் எழுத்துகள் இன்னும் மூன்று. பிழையாக ஓதிக் காட்டிப் பிள்ளைகளின் நாவைக் கெடுக்க அவர் விரும்பவில்லை. கழற்றி மாட்டும் பல் செட் ஓதும் போது ஆடுகிறது. எலும்பில் பொருத்தும் பல்லுக்கான செலவு எங்கள் வீட்டுக்கு எட்டாதது. சாப்பாட்டை மென்மையாக்கிக் கொடுத்து விடலாம். ஓதிக் கொடுப்பதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது?

எலும்பில் பொருத்தும் பல் என்று நான் குறிப்பிட்டது 20ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. 1952இல் சுவீடனில் பிரனெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் எலும்பில் பதித்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றார். எலும்பு அதனோடு ஒன்றாகிப் போயிருந்தது. 1965இல் மனிதரின் தாடையில் முதன்முதலாக அவ்வாறு பல்லுக்கு வேர் வைத்தார். இன்று தாடை எலும்பில் டைட்டேனியத் திருகாணியைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் காத்திருந்து, அதன் மேல் பல்லைப் பொருத்துகிறார்கள். அஸ்ஸஹ்ராவியின் மாட்டெலும்புப் பல்லுக்கு இந்த வேர் இல்லை. அது பக்கத்துப் பற்களின் தயவில் நின்றது. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அடிபட்டு முழுதாக விழுந்த நிரந்தரப் பல்லைத் தாமதிக்காமல் குழியில் திரும்ப வைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி விடுகிறார்கள்.

தோழியரே, அந்தப் பாகத்தில் நமக்கென்றே எழுதியது போல ஓரிடமும் உண்டு. பெண்களின் சிறுநீர்ப்பையில் கல் இருந்தால் அதை எடுப்பது ஏன் கடினம் என்று விளக்கும் போது, நாணமுள்ள பெண் ஆண் வைத்தியரிடம் தன்னைக் காட்டமாட்டாள் என்பதையும், தேர்ச்சி பெற்ற பெண் வைத்தியர் கிடைப்பது அரிது என்பதையும் காரணங்களாகச் சொல்கிறார். அவர் தேடியும் காணாத அந்தப் பெண் வைத்தியர்கள் நம் வகுப்பறைகளிலிருந்து வர முடியும். அப்படி வருகிறவர்களில் ஒருத்தியேனும் ஏழை வீட்டு உம்மும்மாக்களின் பல்லைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

அவருடைய முதுமையில் அந்தலூசியாவில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. 1010 அளவில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 1013இல் அவர் மறைந்தார். அரண்மனை மண்ணுக்குள் புதைந்தது, புத்தகம் பயணம் போனது. 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்ட் அதன் சத்திரசிகிச்சைப் பாகத்தை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அல்புகாஸிஸ் என்ற பெயரில் ஐரோப்பா அவரைப் படித்தது. பிரான்ஸின் பெயர் பெற்ற சத்திரவைத்தியர் கி த ஷோலியாக் 1363இல் எழுதிய தம் நூலில் அவரை ஏறக்குறைய 200 தடவை எடுத்துக்காட்டினார். 1497இல் வெனிஸில் அது அச்சேறியது.

அவர் செதுக்கச் சொன்ன மாட்டெலும்புப் பல்லை இன்று யாரும் வைப்பதில்லை. எந்தப் பல் என்று நிச்சயம் செய்து கொள், காப்பாற்ற முடிந்ததைப் பிடுங்காதே, போனதை ஈடு செய்ய முயற்சி செய், கற்றதை ஒளிக்காமல் எழுது என்ற அவருடைய பாடம் மட்டும் பழையதாகவில்லை. அல்லாஹ் அவருடைய பணியைப் பொருந்திக் கொள்வானாக.