மொஜிட்டோ பிரியரா ஹெமிங்வே? கோப்பைக்குப் பின்னால் இருக்கும் நிஜக் கதை!

கஃபே மெனுவில் மொஜிட்டோவைப் பார்த்திருப்பீங்க. நம்ம ஊரில் பெரும்பாலும் கிடைப்பது மது கலக்காத வெர்ஷன். ஒரிஜினல், கியூபாவின் ஹவானாவைச் சேர்ந்தது. 45 மி.லி வெள்ளை ரம், 20 மி.லி எலுமிச்சைச் சாறு, 2 டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் புதினா, ஐஸ், மேலே சோடா. அவ்வளவுதான். புதினாவை மட்டும் லேசா அழுத்தணும், நசுக்கிட்டா கசக்கும்.

இந்த டிரிங்க்கைப் பற்றிப் பேசினாலே கூடவே வரும் பெயர், எர்னெஸ்ட் ஹெமிங்வே. ஹவானாவின் 'லா போதெகீட்டா' பாரில், மொஜிட்டோவைப் பாராட்டி அவர் எழுதியதாக ஒரு வாசகத்தையே மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனா, அது அவர் எழுதியதுதானா என்று ஆய்வாளர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். அவர் வழக்கமாகப் போனது 'ஃப்ளோரிடீட்டா' பாருக்கு. கேட்டது டைக்கிரி. அதுவும் சர்க்கரை இல்லாம, ரம் டபுளா!

சரி, யார் இந்த மனிதர்? 1899-ல் அமெரிக்காவின் ஓக் பார்க்கில் பிறந்தவர். முதல் உலகப்போரில் இத்தாலியில் ஆம்புலன்ஸ் டிரைவர். 1918-ல் படுகாயம் அடைந்தபோது 19 வயதுகூட நிரம்பவில்லை. பிறகு பாரிஸில் பத்திரிகையாளர், எழுத்தாளர். 1940-ல் ஹவானாவுக்கு வெளியே 'ஃபிங்கா விஹியா' என்ற வீட்டை வாங்கினார்.

ஃபோட்டோக்களில் நாம பார்க்காதது அந்த வீட்டின் காலை நேரம்தான். வெளிச்சம் வந்ததும் எழுந்து, நின்றுகொண்டே எழுதுவார். அன்றைக்கு எத்தனை வார்த்தை எழுதினோம் என்று கணக்கும் வைப்பார். பாரெல்லாம் அதுக்கப்புறம்தான். அப்படி உருவானதுதான் 1952-ல் வெளிவந்த 'கடலும் கிழவனும்'. 1953-ல் புலிட்சர், 1954-ல் நோபல்.

ஆனா, அதே 1954-ல் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு விமான விபத்துகள். உயிர் பிழைத்தாலும், நோபல் பரிசை வாங்க நேரில் போக முடியாத அளவுக்குக் காயங்கள். டாக்டர்கள் குடியைக் குறைக்கச் சொன்னார்கள். அவரால் முழுசா விட முடியவில்லை. கடைசிக் காலத்தில் மனச்சோர்வு, மின் அதிர்ச்சி சிகிச்சை, நினைவு மங்கல். எழுத முடியாமல் தவித்தார். 1961 ஜூலை 2-ம் தேதி, 61 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இன்றும் ஃப்ளோரிடீட்டாவில் அவருடைய வெண்கலச் சிலை பார் மேஜையில் சாய்ந்து நிற்கிறது. டூரிஸ்ட்டுகள் கோப்பையோடு பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அவரைக் குடியால் பெரிய ஆளானவர்னு நீங்க நினைச்சிடாதீங்க. அவர் பெரிய ஆளானது அந்தக் காலை நேரங்களில். குடி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதிகம்.

இந்த வீக் எண்ட் ரம் இல்லாமலே ஒரு மொஜிட்டோ போடுங்க. ஐஸ் கரையறதுக்குள்ள 'கடலும் கிழவனும்' நாவலின் முதல் சில பக்கங்களைப் படிச்சுடலாம். சின்ன புத்தகம்தான். மிச்சத்தை நீங்களே விடமாட்டீங்க!