வீட்டில் காக்டெயில் கலந்தால் கேஸ்: மதுவிலக்கு கால முதல்வர் குமாரசாமி ராஜா யார்?

வீட்டுக்கு வர்ற நண்பர்களுக்கு நாமே காக்டெயில் கலந்து கொடுப்பது இப்போ சகஜம். 1949-ல் சென்னை மாகாணத்தில், பர்மிட் இல்லாமல் ஒரு பாட்டில் வைத்திருந்தாலே கேஸ்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் முதல்வரானவர் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ்.குமாரசாமி ராஜா.

1898-ல் பிறந்தவர், காந்தியவாதி. மாகாணம் முழுக்க மதுவிலக்கைக் கொண்டுவந்தது அவருக்கு முன்பிருந்த ஓமந்தூரார். 1948 அக்டோபர் 2-ல். கலால் வருமானம் போனாலும், ராஜா அதைத் தளர்த்தவே இல்லை.

ஆனா மக்களோட கோபம் வேற: அரிசித் தட்டுப்பாடு. 1952 தேர்தலில், பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல்வரே தோற்றுப்போனார். அந்தக் காலத்திலும் அது சின்ன விஷயமில்லை.

பிறகு ஒடிசா ஆளுநர். ராஜபாளையத்தில் இருந்த சொந்த வீட்டையும் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். 1957-ல் மறைந்தார். மதுவிலக்கு தளர்ந்தது 1971-ல்தான்.