பூச்சிக்குப் பூச்சியையே எதிரியாக்கியவர்: யார் இந்த சார்லஸ் ரைலி?

பயிரைத் தின்னும் பூச்சிக்கு மருந்து அடிப்பதற்குப் பதில், அந்தப் பூச்சியைத் தின்னும் இன்னொரு உயிரைக் கடல் தாண்டி அனுப்பினால் என்ன? 1873-லேயே இதைச் செய்து பார்த்தவர் சார்லஸ் வாலன்டைன் ரைலி. முதல் முயற்சி தோல்விதான். ஆனால் அவர் விடவில்லை.

1843-ல் லண்டனில் பிறந்த ரைலி, 17 வயதில் அமெரிக்கா போய் இல்லினாய் மாநிலத்தில் பண்ணை வேலை பார்த்தார். பிறகு சிகாகோவில் விவசாயப் பத்திரிகை வேலை. 1868-ல் மிசூரி மாநிலத்தின் பூச்சியியல் அதிகாரி ஆனபோது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

அப்போது பிரான்ஸில் திராட்சைக் கொடிகள் தோட்டம் தோட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தன. காரணம், வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் ஃபைலோக்செரா என்ற குட்டிப் பூச்சி. அது அமெரிக்காவிலிருந்து போனதுதான் என்பதை உறுதிசெய்ததில் ரைலிக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தப் பூச்சியைத் தின்னும் ஒரு சிலந்திப்பேனை அவர் பிரான்ஸுக்கு அனுப்பிவைத்தார். எட்டுக் கால் கொண்ட, சிலந்தியின் சொந்தக்கார உயிர் இது. அங்கே அது பிழைத்துக்கொண்டது. ஆனால் ஃபைலோக்செராவை அடக்க முடியவில்லை. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டிய பிறகுதான் தோட்டங்கள் பிழைத்தன.

15 ஆண்டுகள் கழித்து, அதே யோசனைக்கு இரண்டாவது வாய்ப்பு வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செதிள்பூச்சி கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மரங்களை அழித்துக்கொண்டிருந்தது. ரைலி அப்போது அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் பிரிவுத் தலைவர். வெளிநாட்டுப் பயணத்துக்குத் துறையின் பணத்தைச் செலவிட அனுமதி இல்லை. அதனால் மெல்போர்ன் கண்காட்சிச் செலவுக் கணக்கில் ஆல்பர்ட் கோபெல் என்பவர் 1888-ல் ஆஸ்திரேலியா அனுப்பப்பட்டார். முதலில் வந்து சேர்ந்தவை வெறும் 129 பொறிவண்டுகள். அந்தச் செதிள்பூச்சியையே தேடித் தின்று, வேகமாகப் பெருகும் வண்டுகள் அவை. ஓரிரு ஆண்டுகளில் ஆரஞ்சுத் தோட்டங்கள் மீண்டன. எதிரி இருந்தால் மட்டும் போதாது, சரியான எதிரி வேண்டும் என்பது புரிந்தது.

1895-ல் வாஷிங்டனில் சைக்கிளில் போன ரைலி, சாலையில் கிடந்த கல்லில் மோதி விழுந்து உயிரிழந்தார். வயது 51.

இன்று ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் இலையைக் கெடுக்கும் சிலந்திப்பேன்களை, அவற்றைத் தின்னும் வேறு சிலந்திப்பேன்களே அடக்கிவைக்கின்றன. இவை கப்பலில் வருவதில்லை. பக்கத்து வேலிப் புதர்களிலும் காட்டு மரங்களிலும் வாழ்ந்து, காற்றோடு தோட்டத்துக்குள் வருகின்றன. கண்டபடி மருந்து அடித்து, புதரையும் வெட்டிவிட்டால் போச்சு: சம்பளம் வாங்காத காவல்காரர்களும் காலி.