சேலத்திலிருந்து வந்த சி.ஐ.டி.க்கள்: யார் இந்த மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம்?

கொள்ளைக் கும்பல், ரகசியப் பாதாள அறை, கிளப் டான்ஸ், கடைசியில் துப்பாக்கியோடு நுழையும் சி.ஐ.டி. 1960-களின் க்ரைம் படம் என்றாலே இதுதான் ஞாபகம் வரும். 'வல்லவன் ஒருவன்' (1966), 'இரு வல்லவர்கள்' (1966), 'எதிரிகள் ஜாக்கிரதை' (1967), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என இந்த வகையில் பேர் வாங்கிய பல படங்கள் சென்னையில் தயாரானவை அல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தவை.

ஆனால், அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. 1963-லேயே இறந்துவிட்டார். அப்புறம் எப்படி இவை அவர் கணக்கில் வருகின்றன?

ஜவுளி படித்தவர்

1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர் சுந்தரம். திருச்செங்கோடும் கொல்லிமலையும் இன்று நாமக்கல் மாவட்டம்; அன்று இரண்டுமே சேலம் ஜில்லா. இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். ஊர் திரும்பியவரை இழுத்தது சினிமா.

அந்தக் காலத்தில் பல தமிழ்ப் படங்கள் கல்கத்தா, பம்பாய் ஸ்டுடியோக்களில்தான் உருவாயின. சுந்தரம் 1935-ல் ஏற்காடு அடிவாரத்தில் சொந்த ஸ்டுடியோ தொடங்கினார். முதல் படம் 'சதி அகல்யா' (1937). அடுத்த வருடமே மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்'.

மில் மாதிரி ஒரு ஸ்டுடியோ

படப்பிடிப்புத் தளம், லேப், கதை இலாகா எல்லாம் ஒரே வளாகத்துக்குள். கலைஞர்களுக்கு மாதச் சம்பளம். கருணாநிதியும் கண்ணதாசனும் இங்கே வேலை பார்த்தவர்கள்தான். நேரம் தவறக் கூடாது, செலவு மீறக் கூடாது. எல்லோருக்கும் அவர் 'முதலாளி'.

க்ரைம் கதைக்கான விதையும் அவர் போட்டதுதான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலை வைத்து 1950-ல் 'திகம்பர சாமியார்' எடுத்தார். எம்.என்.நம்பியார் அதில் பல மாறுவேடங்களில் வந்தார்.

1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். ஷூட்டிங்குக்கு எம்.ஜி.ஆர். வரத் தாமதமானதால் டூப் வைத்து சுந்தரம் வேலையை முடித்துவிட்டார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. உண்மை எப்படியோ, அதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் நடிக்கவில்லை.

அப்பா போன பிறகு

சுந்தரம் இறந்தபோது வயது 56. மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். டைட்டிலில் வரும் 'ஆர்.சுந்தரம்' இவர்தான், பலர் அப்பாவோடு குழப்பிக்கொள்வது உண்டு.

உலகமே ஜேம்ஸ்பாண்ட் மோகத்தில் இருந்த நேரம் அது. எம்.ஜி.ஆர்., சிவாஜி இல்லாமலே வேகமாகப் படம் முடிக்க ஸ்டுடியோ தயாராக இருந்தது. வளர்ந்துவந்த ஜெய்சங்கர், வில்லனாக மனோகர், இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்த வேதாவின் இசை. ஃபார்முலா ரெடி. ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' ஆனார்.

இந்தப் படங்களில் லாஜிக் கொஞ்சம்தான். பெண்கள் பெரும்பாலும் கவர்ச்சிக்காகவோ காப்பாற்றப்படவோதான் வருவார்கள். ஆனாலும், பெரிய ஸ்டாரையும் தலைநகரையும் நம்பாமல் ஒரு சினிமாத் தொழிலை நடத்த முடியும் என்பதை இவை நிரூபித்தன. அதைச் சாத்தியமாக்கியது சுந்தரம் விட்டுப்போன சிஸ்டம்.

அந்த சிஸ்டத்துக்கும் ஆயுள் இருந்தது. ஷூட்டிங் அவுட்டோருக்குப் போனது. மாதச் சம்பள முறை மறைந்தது. முடிவெடுக்கும் இடம் ஸ்டுடியோ முதலாளியிடமிருந்து ஸ்டாரின் கைக்கு மாறியது. 100-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்தியது.

இன்று சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் மிஞ்சியிருப்பது அந்த நுழைவாயில் வளைவு மட்டும்தான்.