போர்வையை விலக்கிய இஸ்மத் சுக்தாய்

லாகூர் நீதிமன்றத்தில் ஒரு பெண் எழுத்தாளர் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். அவர் திருடவில்லை, கொலை செய்யவில்லை, கள்ளநோட்டு அடிக்கவில்லை. ஒரு சிறுகதை எழுதினார். அவ்வளவுதான்! அந்தக் கதை ஆபாசமானது என்று வெள்ளைக்கார சர்க்கார் வழக்குத் தொடுத்தது. வழக்குத் தாளிலே வாதி யார் தெரியுமா? ஆறாம் ஜார்ஜ் மன்னர்! கடலுக்கு அப்பால் இருந்த சக்கரவர்த்திக்கும், பம்பாயிலே கைக்குழந்தைக்குப் பால் புகட்டிக் கொண்டிருந்த ஒரு தாய்க்கும் வழக்கு!

அந்தத் தாயின் பெயர் இஸ்மத் சுக்தாய். உருது இலக்கியத்தின் தூண்களில் ஒருவர். பெண்ணுக்குப் பெண் மேல் உண்டாகும் ஆசையை இந்திய மண்ணிலே கதையாக எழுதத் துணிந்த முன்னோடி. அவருடைய வாழ்க்கையை வில்லியனூர்த் தோழரும் பாகூர்த் தோழரும் ஏன் அறிய வேண்டும்? வயலிலும் பட்டறையிலும் உழைத்துக் களைத்து வருகிறவனுக்கு நவாபு வீட்டுக் கதை எதற்கு? காரணம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், தோழர்களே!

அடங்காத பெண்

1915-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-இல், ஐக்கிய மாகாணத்தின் பதாயூனில் இஸ்மத் பிறந்தார். தந்தை மிர்சா காசிம் பேக் சுக்தாய், சர்க்கார் உத்தியோகஸ்தர். வீட்டில் பத்துப் பிள்ளைகள்; இஸ்மத் ஒன்பதாவது. அக்காமார்கள் கல்யாணமாகிப் போய்விட்டதால், அண்ணன்மார்களோடு கில்லி ஆடியும், மரம் ஏறியும், குதிரை ஓட்டியும் வளர்ந்தார். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்பதைப் புத்தகத்திலே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. சொந்த வீட்டு முற்றத்திலேயே பார்த்தார்.

படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப் பெரியவர்கள் முனைந்தபோது, அந்தச் சிறுமி என்ன செய்தார்? படிக்க அனுப்பாவிட்டால் வீட்டை விட்டு ஓடிப்போய், கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொள்வேன் என்று தந்தையிடமே மிரட்டினார்! தந்தை பணிந்தார். பிள்ளை படித்தது. லக்னோவில் இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் பி.ஏ. முடித்து, அலிகாரில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

அவருக்கு வழிகாட்டியாய் வாய்த்தவர் ரஷீத் ஜஹான். மருத்துவர், எழுத்தாளர், பொதுவுடைமைவாதி. 1932-இல் அவரும் மூன்று இளைஞர்களும் சேர்ந்து 'அங்காரே' என்ற நூலை வெளியிட்டனர். அங்காரே என்றால் நெருப்புத் துண்டுகள். பெயருக்கேற்பச் சுட்டது. மறு ஆண்டே ஐக்கிய மாகாண சர்க்கார் அதைப் பறிமுதல் செய்தது. பெண்ணின் உடம்பைப் பற்றி, பிரசவத்தைப் பற்றி, புருஷனின் கொடுமையைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசிய ரஷீத் ஜஹானிடம், பேசக்கூடாதது என்று எதுவும் இல்லை என்பதை இஸ்மத் கற்றுக்கொண்டார்.

1936 ஏப்ரலில் லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. தலைமை, பிரேம்சந்த். மாணவியாக இருந்த இஸ்மத்தும் அங்கே போயிருந்தார். அதே 1936-ஐ நாம் மறக்க முடியுமா? ஜூலை 30-இல் புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு, 12 தோழர்கள் மாண்டார்கள். வடக்கே எழுத்தாளன் எழுந்து நின்ற ஆண்டிலேதான் நம் மண்ணில் தொழிலாளி எழுந்து நின்றான்.

வழக்குக்கு வந்த கதை

இஸ்மத் பரேலியில் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையாக வேலை பார்த்தார். பிறகு பம்பாயில் பள்ளி ஆய்வாளர் ஆனார். 1942 மே மாதத்தில் சினிமாத் துறையைச் சேர்ந்த ஷாஹித் லத்தீஃபைத் திருமணம் செய்துகொண்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதியதுதான் 'லிஹாஃப்' என்ற சிறுகதை. லிஹாஃப் என்பது பஞ்சு வைத்துத் தைத்த குளிர்காலப் போர்வை. லாகூரிலிருந்து வந்த 'அதபே லத்தீஃப்' என்ற ஏடு அதே ஆண்டில் அதை வெளியிட்டது.

கதை இதுதான். ஏழைக் குடும்பத்தில் பிறந்த பேகம் ஜானை வயது முதிர்ந்த நவாபு ஒருவருக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். நவாபுக்கு நல்லவர் என்று ஊரெல்லாம் பெயர். அவருடைய நாட்டமெல்லாம் மாளிகையில் அவர் பராமரிக்கும் இளைஞர்கள் மீது. கட்டிய மனைவியை வீட்டுச் சாமான்களோடு இன்னொரு சாமானாக அந்தப்புரத்தில் போட்டுவிட்டார். வெளியே போகவும் முடியாமல், உள்ளே வாழவும் முடியாமல் வாடிய அந்தப் பெண்ணுக்கு, உடம்பு பிடித்துவிட வந்த பணிப்பெண் ரப்போதான் துணையானாள். அந்த உறவை, விருந்தாளியாய் வந்து தங்கிய ஒரு சிறுமி இரவிலே சுவரில் ஆடும் போர்வை நிழலாகப் பார்க்கிறாள். என்னவென்று புரியாமல் பயப்படுகிறாள். அந்தச் சிறுமிதான் கதை சொல்கிறாள்.

இதில் பெண்களின் காதல் பூமாலை போட்டுப் புகழப்படவில்லை. ரப்போ இல்லாத நாளில் பேகத்தின் கை அந்தச் சிறுமியிடமே அத்துமீறுவதையும் இஸ்மத் மறைக்கவில்லை. புருஷன் ஒதுக்கியதால்தான் பெண் பெண்ணை நாடினாள் என்று கதை காரணம் காட்டுகிறதே, காரணம் இல்லாமலே ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிக்கக்கூடாதா என்று பின்னால் வந்த வாசகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே கதவைத் திறந்துவிட்டவர் இஸ்மத் அல்லவா?

1944-இன் இறுதியில் சம்மன் வந்தது. நண்பர் சாதத் ஹசன் மண்ட்டோ மீதும் 'பூ' என்ற கதைக்காக வழக்கு. உருதுவில் 'பூ' என்றால் வாடை. இரண்டு பேரும் பம்பாயிலிருந்து லாகூருக்கு ரயில் ஏறினார்கள். மன்னிப்புக் கேட்டுவிடு, அபராதத்தை நாங்கள் கட்டிவிடுகிறோம் என்று பெரிய மனிதர்கள் சிலர் இஸ்மத்திடம் சமரசம் பேசினார்கள். அவர் மறுத்துவிட்டார். குற்றம் செய்தவனல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும்!

நீதிமன்றத்தில் நடந்ததை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கதையில் எந்தச் சொல் ஆபாசம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க, சாட்சிகள் விழித்தார்கள். பக்கம் பக்கமாகத் தேடினார்கள். கடைசியில் ஒருவர், பெண்பிள்ளை காதலர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றிய ஒரு சொல்லைக் காட்டினார். காதலன் என்ற சொல் ஆபாசமா? இல்லை, ஆனால் கௌரவமான குடும்பத்துப் படித்த பெண் அதை எழுதியது தவறு என்றார் சாட்சி! நீதிமன்றம் சிரித்தது.

பார்த்தீர்களா தோழர்களே? குற்றம் சொல்லில் இல்லை, கதையிலும் இல்லை. எழுதியவள் பெண் என்பதிலே இருந்தது. நவாபு மனைவியைச் சிறை வைத்தான். அவன் மீது வழக்கு இல்லை. ஏழைப் பெண்ணைக் கிழவனுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் மீதும் வழக்கு இல்லை. பார்த்ததைச் சொன்னவள் மீது மட்டும் வழக்கு!

இரண்டு முறை லாகூருக்கு அலைந்தபின் வழக்கு தோற்றது, இஸ்மத் விடுதலையானார். நீதிபதி அவரைத் தனியறைக்கு அழைத்து, உங்கள் கதையில் ஆபாசம் இல்லை, மண்ட்டோ எழுத்தில்தான் அழுக்கு நிறைந்திருக்கிறது என்ற கருத்தைச் சொன்னாராம். உலகமே அழுக்காகத்தானே இருக்கிறது, கிளறிக் காட்டினால்தானே துடைக்க நினைப்பார்கள் என்ற பொருளில் இவர் பதில் சொன்னாராம். எழுத்தாளனின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மற்ற நாடுகளில்

இந்த நெருப்பாற்றில் இறங்கியவர் இஸ்மத் ஒருவர் மட்டும் அல்லர். பிரான்சில் கொலெத் என்ற மாது, பள்ளிக்கூடத்துப் பெண்களிடையே அரும்பும் காதலை 1900-இலேயே நாவலாக எழுதினார். அந்த நாவல் அவருடைய கணவன் பெயரில்தான் வெளிவந்தது! அதே கொலெத் 1954 ஆகஸ்டில் மறைந்தபோது பிரெஞ்சு அரசு அரசாங்க மரியாதையோடு அடக்கம் செய்தது. இங்கிலாந்தில் ராட்க்ளிஃப் ஹால் என்ற பெண்மணி 'தனிமையின் கிணறு' என்று பொருள்படும் நாவலை 1928-இல் வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் லண்டன் நீதிமன்றம் அதன் பிரதிகளை அழித்துவிட ஆணையிட்டது. 1943-இல் அவர் கண்மூடும் வரை அந்த நாட்டில் அந்த நூல் மீண்டும் அச்சேறவில்லை. அதே வெள்ளைக்காரச் சட்டத்தின் கைதான் லாகூர் வரை நீண்டது.

நம் ஊர்க்காரருக்கு இது எளிதில் விளங்கும். வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம், அந்தப் பக்கம் ஆங்கிலச் சட்டம் என்று வாழ்ந்த கொம்யூன்கள் அல்லவா வில்லியனூரும் பாகூரும்? பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1791-இல் எழுதப்பட்ட பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், ஒரே பாலினத்தார் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆங்கிலேயனோ 1860-இல் 377-ஆம் பிரிவை இந்தியாவின் தலையில் கட்டினான். இந்தியத் தண்டனைச் சட்டம் 1963-இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது அந்தப் பிரிவும் கூடவே வந்தது. 2018 செப்டம்பர் 6-இல்தான், வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வரப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த சட்டம் ஒன்று உண்டு. அது வீட்டுச் சட்டம்! மகள் யாரோடு வாழ்வது என்பதை மகளைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானிக்கும் சட்டம்!

இரண்டு கைகள்

'லிஹாஃப்' என்ற ஒரே கதையால் ஊர் தம்மை அளக்கிறதே என்று இஸ்மத் வருந்தியதுண்டு. அவர் எழுதியவை ஏராளம். 'டேடீ லகீர்' என்ற பெரிய நாவலில் ஒரு பெண்ணின் வளர்ச்சியை எழுதும்போது, ஆசிரியை மீதும் விடுதித் தோழி மீதும் அவளுக்கு உண்டாகும் பற்றை வளர்ச்சியின் ஒரு பகுதியாகவே காட்டினார்.

உழைப்பாளிகள் தவறாமல் அறிய வேண்டியது 'தோ ஹாத்' என்ற கதை. இரண்டு கைகள் என்று பொருள். துப்புரவுத் தொழிலாளி ஒருவன் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வருகிறான். அவன் இல்லாத காலத்தில் மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெரிய வீட்டுக்காரர்கள் கேலி பேசுகிறார்கள். அவனோ, இந்தப் பிள்ளை வளர்ந்தால் குடும்பத்துக்கு உழைக்க இரண்டு கைகள் கூடும் என்று கருதி ஏற்றுக்கொள்கிறான். மானம், கற்பு என்ற சொற்களைச் சொத்துள்ளவன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்று ஆயிரம் மேடையில் பேசுவதை ஒரு சின்னக் கதையில் சொல்லிவிட்டார்!

1947-இல் நாடு பிளந்தது. வழக்கு நடந்த லாகூர் பாகிஸ்தானாயிற்று. மண்ட்டோ அங்கே போனார். இஸ்மத் பம்பாயிலேயே இருந்தார். கணவரோடு சேர்ந்து திரைப்படங்களுக்கு எழுதினார். பிரிவினைக்குப் பின் ஆக்ராவை விட்டுப் போக மனமில்லாத ஒரு செருப்புத் தொழில் குடும்பத்தைச் சொல்லும் 'கர்ம் ஹவா' படம் அவருடைய கதையிலிருந்து பிறந்தது. 1976-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. சர்க்கார் ஒரு காலத்தில் சம்மன் அனுப்பிய விலாசத்துக்கு இன்னொரு காலத்தில் பட்டம் அனுப்பியது!

1991 அக்டோபர் 24-இல் பம்பாயில் மறைந்தார். அவர் விருப்பப்படியே உடல் தகனம் செய்யப்பட்டது. இறந்தபின்னும் தம் உடலைப் பற்றிய முடிவை அவரேதான் எடுத்தார்.

நமக்கு என்ன பாடம்?

'லிஹாஃப்' கதைக்கு மூலமாக இருந்த உண்மையான பேகத்தைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு விருந்தில் இஸ்மத் சந்தித்தார். தம் மீது கோபமாய் இருப்பாரோ என்று அஞ்சினார். அந்த அம்மாளோ நவாபை விலக்கிவிட்டு, வேறு மணம் செய்து, ஒரு மகனையும் பெற்று நிம்மதியாக வாழ்ந்து கொண்டிருந்தார்! மறைத்து வைத்ததை வெளியே சொன்னால் குடும்பம் அழிந்துவிடும் என்பார்கள். அந்தப் பெண் அழிந்து போகவில்லை. வெளியே வந்து வாழ்ந்தாள்.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். மதுரையிலிருந்து இரண்டு பெண்கள், ஒன்றாக வாழ விரும்பிச் சென்னைக்கு ஓடி வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை தொடர்ந்தது. பெண்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2021 ஜூன் 7-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கும் தெளிவு தேவை என்று தாமே உளவியல் ஆலோசனை பெற்ற பிறகு, அவர்களுக்குப் பாதுகாப்பளித்து உத்தரவிட்டார். வயது வந்தவர்கள் மனமொப்பிச் சேர்ந்து வாழ்வது தெரிந்தால் புகாரை முடித்துவிட வேண்டும் என்றும், வைத்தியம் என்ற பெயரில் அவர்களை மாற்ற முயலக்கூடாது என்றும் வழிகாட்டினார். புதுச்சேரிக்கும் அதுவேதான் உயர்நீதிமன்றம். திருமண உரிமை மட்டும் கிட்டவில்லை. 2023 அக்டோபர் 17-இல் உச்சநீதிமன்றம் அதை மறுத்து, பாராளுமன்றத்தின் பக்கம் கைகாட்டிவிட்டது.

தோழர்களே! ஆலை வாசலில் நமக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும், கூலி வேண்டும், மரியாதை வேண்டும் என்று கேட்டோம். என் உழைப்புக்கு நான் எஜமான் என்றோம். அப்படிக் கேட்டவன் வீட்டுக்குள் நுழைந்ததும், மகளின் உடம்புக்கும் மனத்துக்கும் தானே எஜமான் என்று பிரம்பை எடுத்தால், அவனுக்கும் அந்த நவாபுக்கும் என்ன வேறுபாடு? மாளிகை ஒன்றுதான் குறைகிறது!

உங்கள் தெருவில் ஒரு பெண், கல்யாணம் வேண்டாம், என் தோழியோடு வாழ்கிறேன் என்று சொன்னால், பஞ்சாயத்துக் கூட்டுமுன், பூட்டி வைக்குமுன், கை ஓங்குமுன், அவள் சொல்வதை ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். ஒரு சொல்லைக்கூட ஆபாசமென்று காட்ட முடியாமல் சாட்சிகள் விழித்த அந்த லாகூர் நீதிமன்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இஸ்மத் சுக்தாய்க்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.